என் மனைவி தொழிற்சாலை ஆன விவரம்

ஹாலோ கிரீக், இந்தியானா
1948 ஏப்ரல் 11, ஞாயிறு

அன்பு மைத்துனர் க்ளீட்டஸ் பார்லோ அவர்களுக்கு,

ஓரின் ஹாஸ்கெட் எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அக்கா ஆர்டித்தும் சுகம் என்று தொடங்குவதுதான் மரியாதை, அப்படியே தொடங்குகிறேன். அங்கே நீயும் நோராவும் மூன்று பிள்ளைகளும் உன் நாற்பத்திரண்டு பசுக்களும் சுகமாக இருக்க வேண்டும். பசுக்களைக் கேலிக்காகச் சேர்க்கவில்லை. இந்தக் கடிதத்தில் உங்கள் எல்லாரையும்விட அவற்றுக்குத்தான் சம்பந்தம் அதிகம்.

நீ அனுப்பிய மனு வந்து சேர்ந்தது. வெண்ணெய்க்குப் பதிலாக விற்கிற மலிவான மார்ஜரின் மேல் போட்டிருக்கும் வரிச் சட்டத்தை எடுத்துவிடக் கூடாது, எடுத்தால் பால்பண்ணைக்காரர்கள் அழிந்துபோவார்கள் என்று வாஷிங்டனுக்கு எழுதிய அந்தத் தாளில் நானும் ஆர்டித்தும் கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டிருந்தாய். போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறிகூட வைத்திருந்தாய். கையெழுத்து இல்லாமலே திருப்பி வைத்திருக்கிறேன். காரணம் கேட்பாய். காரணம் நீளமானது. நீ பாதியில் மடித்து வைத்துவிடுவாய் என்று தெரியும். அதனால் நோரா, நீ வாங்கி உரக்கப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அரசாங்கத்துக்கு விரோதி இல்லை. முப்பத்தெட்டு வருஷம் கிராமத் தபால் சுமந்தவன். 1908-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இந்த வட்டாரத்தில் மத்திய அரசு என்றால் நானும் என் குதிரையும்தான். வேறு ஆளே கிடையாது. பிறகு வருமான வரித் தாள் வந்தது, அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். எத்தனை பன்றி, எத்தனை ஏக்கர் சோளம் என்று கேட்கும் தாள் வந்தது, அதையும் நான்தான் கொடுத்தேன். யுத்தம் வந்தது, சர்க்கரைக்குக் கூப்பன், செருப்புக்குக் கூப்பன், டயருக்குக் கூப்பன். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள், காரணமும் நியாயமாகத்தான் இருந்தது, என் பைதான் கனத்துக்கொண்டே போனது. யுத்தம் முடிஞ்சா எல்லாம் குறைஞ்சிடும்னு நினைச்சேன். நான்தான் ரிட்டயர் ஆனேன், அது ஆகலை. நீயும் அப்போ சும்மா இருக்கலையே! பாலுக்கு அரசாங்கம் விலை கட்டின வருஷம் எங்க வீட்டு மேசையை ஓங்கிக் குத்தி, "என் மாட்டுத் தொழுவத்துல வாஷிங்டனுக்கு என்ன வேலை?"ன்னு நீ கத்தினதுல குழம்புக் கிண்ணமே கவிழ்ந்துச்சு. கேள்வி சரியான கேள்வி. இப்போ அதே கேள்வி ஆர்டித்தோட சமையலறைக்கு வந்திருக்கு.

எங்கள் வீட்டில் ஆர்டித் நடத்துகிற விடுதியில் இப்போது ஆறு பேர் தங்கிச் சாப்பிடுகிறார்கள். ஆறு பேரும் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை செய்பவர்கள். அவர்களில் அமேதியோ ப்ரூசாவை உனக்குத் தெரியும், நோராவுக்காகச் சொல்கிறேன்: இத்தாலியிலிருந்து வந்த கல் சிற்பி, பாரந்தூக்கியின் கயிறு அறுந்து வலது கையில் மூன்று விரல் போன பிறகு அதே குவாரியில் உளிகளுக்குச் சாணை பிடிக்கிறார். எங்கள் வீட்டு மேசையில் பத்தொன்பது வருஷமாக ஜன்னலோர நாற்காலி அவருடையது. வாஷிங்டனில் பாதிக் கட்டடங்கள் எங்கள் ஊர்க் கல்தானே. அதில் ஒன்றின் நெற்றியில் இருக்கும் கழுகின் இடது இறக்கை இவர் செதுக்கியது. வலது இறக்கை வேறு ஆள். அது சரியில்லை என்று இன்றைக்கும் சொல்வார்.

வெண்ணெய் விற்கிற விலைக்கு ஆறு குவாரி ஆட்களுக்குப் பரிமாற முடியாது என்பது உனக்குத் தெரியும், விலை வைக்கிறவனே நீதானே. அதனால் பதினோரு வருஷமாக ஆர்டித் மார்ஜரின் வாங்குகிறாள். சட்டம் அதன் மேல் என்ன செய்திருக்கிறது என்றும் உனக்குத் தெரியும். தொழிற்சாலையிலேயே மஞ்சளாக்கி விற்றால் பெரிய வரி, வெள்ளையாக விற்றால் ஒன்றுமில்லாத வரி. பன்றிக்கொழுப்பு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தால் ஜனங்கள் முகம் சுளித்து உன் வெண்ணெய்க்கே வந்துவிடுவார்கள் என்று நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் யாரோ கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு. ஜனங்கள் என்ன செய்தார்கள்? வெள்ளைக் கட்டியோடு வருகிற சின்னச் சாயப் பொட்டலத்தை வீட்டில் பிரித்துப் போட்டுப் பிசைந்து மஞ்சளாக்கிக்கொள்கிறார்கள். நம் வீட்டிலும் அதுவேதான். ஒரு கிண்ணம், ஒரு மரக்கரண்டி, சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயந்திரம் ஒரு இளைஞன் கதவைத் தட்டினான். லேலண்ட் கிம்பல் என்று பெயர். ஷூ நனைந்திருந்தது, முகத்தில் பசி. ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்காமல் என்ன, ஆர்டித் அவனைக் கணப்புப் பக்கமாக உட்கார வைத்து, கோழிக் குழம்பும் அதில் வெந்த மாவு உருண்டையும் போட்டு, ரொட்டியும் வைத்தாள். நாலு துண்டு ரொட்டி தின்றான். எங்கம்மா கையால சாப்பிட்ட மாதிரி இருக்குன்னு சொன்னான். சாப்பிட்டு, வாயைத் துடைத்து, ஐம்பது சென்ட் எடுத்து மேசையில் வைத்தான். அப்புறம் சட்டைப் பையிலிருந்து மெழுகுத்தாள் ஒன்றை எடுத்து, தட்டிலிருந்த மஞ்சள் கட்டியில் ஒரு துண்டு வெட்டி அதில் பொட்டலம் கட்டி, மேலே தேதி எழுதினான். ஆறு பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள்.

"அம்மா, நான் மத்திய அரசு வரி அலுவலகத்துல இருந்து வர்றேன்."

ஆர்டித்துக்கு அப்போதும் புரியவில்லை. "அதை முன்னாடியே சொல்லியிருந்தா இன்னொரு துண்டு கோழி வச்சிருப்பேனே தம்பி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறியா? இரு, நல்ல டப்பா ஒண்ணு தர்றேன்."

அவன் காது சிவந்துவிட்டது. கெட்டவன் இல்லை, அது வேற கஷ்டம். கெட்டவனா இருந்தா திட்டிட்டுப் போயிருக்கலாம். மெதுவா, பள்ளிக்கூடத்துல பாடம் சொல்ற மாதிரி சொன்னான்: "உங்க குடும்பத்துக்காகச் சாயம் கலந்தா அது சமையல், அம்மா. காசு கொடுத்துச் சாப்பிடறவங்களுக்காகக் கலந்தா, சட்டப்படி நீங்க மார்ஜரின் தயாரிப்பாளர். வருஷத்துக்கு அறுநூறு டாலர் கட்டி லைசென்ஸ் வாங்கணும். வாசல்ல போர்டு மாட்டணும். எவ்வளவு தயாரிச்சீங்கன்னு எழுதி வைக்கணும். நீங்க எத்தனை வருஷமா தயாரிக்கிறீங்க?"

"நாங்க எதையும் தயாரிக்கலையே. கலக்கறோம்."

"சட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான், அம்மா."

கெண்டக்கியிலிருந்து வந்த டெல்மர், அந்த ஆறரை அடி மனுஷன், ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டே, "மிஸஸ் ஹாஸ்கெட், அப்ப புகைபோக்கியை எந்தப் பக்கம் கட்டப் போறீங்க?" என்றான். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். உன் அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த ஐம்பது சென்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை எடுத்து அவன் கையிலேயே திருப்பி வைத்தாள். "சாப்பாட்டுக்கு வந்திருந்தா காசு வாங்கியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான்.

போகும்போது அவன் ஒரு வழியும் சொல்லிவிட்டுப் போனான். வெள்ளையாகவே மேசையில் வைத்து, ஆளுக்கு ஒரு சாயப் பொட்டலம் கொடுத்து, அவரவர் தட்டில் அவரவர் பிசைந்துகொண்டால் குற்றம் இல்லையாம். அடுத்த நாளிலிருந்து எங்கள் சாப்பாட்டு அறையை நீ பார்த்திருக்க வேண்டும், க்ளீட்டஸ். கல் உடைக்கிற பன்னிரண்டு கைகள் சின்னச் சின்னக் கிண்ணத்தில் வெள்ளைக் கட்டியைப் போட்டுப் பிசைகின்றன. மேசைவிரிப்பில் மஞ்சள், சட்டைக் கையில் மஞ்சள், ஒருத்தனுக்கு மீசையில் மஞ்சள். பன்னிரண்டு கை என்று எழுதிவிட்டேன், தப்பு. பதினொன்று. அமேதியோவுக்கு அந்தக் கையால் கிண்ணத்தைப் பிடிக்கவும் முடியவில்லை, பிசையவும் முடியவில்லை. கிண்ணம் ரெண்டு தடவை கீழே விழுந்தது. மூணாவது தடவை டெல்மர் அதை எடுத்துத் தன்னோடதையும் சேர்த்துப் பிசைஞ்சு, பாதியை அவர் தட்டுல வச்சான். அமேதியோ அதை ரொட்டியில தடவிச் சாப்பிட்டார். ரெண்டு வாரம் இப்படியே நடந்துச்சு, நல்லாத்தான் நடந்துச்சு, கிம்பல் திரும்பி வர்ற வரைக்கும்.

சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தான். இந்தத் தடவை உட்காரவில்லை. டெல்மர் பிசைவதைப் பார்த்தான், பாதி அந்தப் பக்கம் போவதைப் பார்த்தான், நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். "இவர் பிசைஞ்சு அவருக்குக் கொடுத்தா, இப்ப இவர் தயாரிப்பாளர் ஆயிடறார்."

"நானா?" என்று டெல்மர் எழுந்தே விட்டான். "டேய், எல்லாரும் கேட்டுக்கங்கடா, நான் முதலாளி ஆயிட்டேன்! எங்கம்மாவுக்குத் தந்தி அடிங்கடா!"

கிம்பல் உதவி செய்யத்தான் நினைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பையன் முகத்தில் வேறொன்றும் இல்லை. அமேதியோவைக் காட்டி ஆர்டித்திடம், "அம்மா, இவர் உங்களுக்குக் காசு கொடுக்கறாரா? கொடுக்கலைன்னா இவர் உங்க வீட்டு விருந்தாளி. விருந்தாளிக்கு நீங்களே கலந்து கொடுக்கலாம், ஒரு தடையும் இல்லை" என்றான்.

ஆர்டித் யோசிக்கவே இல்லை. "அப்ப இன்னியிலேர்ந்து மிஸ்டர் ப்ரூசா எனக்குக் காசு தர வேண்டாம்."

நல்ல மனசில் சொன்னாள். ஆனால் அமேதியோ கத்தியைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் காலையில் பெட்டியோடு மாடிப்படி இறங்கி வந்தார். கோட்டுப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார்.

"பத்தொன்பது வருஷமா சனிக்கிழமைதோறும் நான் மேசையில காசு வைக்கிறேன், மிஸஸ் ஹாஸ்கெட். அது சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. இந்த நாற்காலி என்னோடதுன்னு சொல்றதுக்கு. காசு இல்லாம உட்கார்ந்தா அது நீங்க எனக்குப் போட்ட நாற்காலி ஆயிடும்."

"நான் அப்படி நினைச்சுச் சொல்லலை, மிஸ்டர் ப்ரூசா."

"தெரியும். அதான் கோபம் வரலை. ஆனா இருக்கவும் முடியலை."

இரும்புச் சாமான் கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுப்பு கிடையாது, டப்பா மீனும் பிஸ்கட்டும். அரசாங்கத்திடம் ரெண்டே ரெண்டு பெட்டிதான் இருந்தது, க்ளீட்டஸ்: ஒன்றில் குடும்பம், இன்னொன்றில் வாடிக்கை. காசும் கொடுத்து வீட்டு மனுஷனாகவும் இருக்கிற ஒருத்தரைப் போட அதனிடம் பெட்டி இல்லை. நாங்களாக விட்டிருந்தால் எங்களுக்குப் பெட்டியே தேவைப்பட்டிருக்காது.

மார்ச் மாதம் விசாரணைக்குக் கூப்பிட்டு ஓலை வந்தது. நடந்துபோன பதினோரு வருஷத்துக்கு. மாவட்டத் தலைநகரில் ஒரு பெரிய அதிகாரி, வழுக்கைத் தலை, நிதானமான மனுஷன். ஒரு தாளை நீட்டினார். லைசென்ஸ் இல்லாமல் மார்ஜரின் தயாரித்தேன் என்று ஒப்புக்கொண்டு ஆர்டித் கையெழுத்துப் போட்டால் சின்ன அபராதத்தோடு விட்டுவிடுவார்கள். போடாவிட்டால் கோர்ட். இங்கே என்னுடைய அசிங்கத்தை எழுத வேண்டியிருக்கிறது. போட்டுத் தொலை ஆர்டித் என்று நான்தான் அவள் காதில் சொன்னேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "உன் பென்ஷன் போயிடும்னு பயமா, ஓரின்?"

"இல்லை" என்றேன். பயம்தான்.

"நான் பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்" என்று அவள் அதிகாரியிடம் சொன்னாள். "என் வீட்ல நான் எதையும் தயாரிக்கலை. ரொட்டிக்குத் தடவறது பார்க்க நல்லா இருக்கட்டும்னு நினைச்சேன். குவாரியில நாள் முழுக்க வெள்ளைத் தூசியே பார்த்துட்டு வர்றாங்க. தட்டுலயும் அதே வெள்ளையா வைக்கணும்? யாரையும் ஏமாத்தலை. வெண்ணெய்னு ஒரு நாளும் சொன்னதில்லை."

அதிகாரி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையைப் பார்த்தேன். மடியில் இருந்தது, விரல் முட்டி எல்லாம் வீங்கி. அப்போதுதான் எனக்கு உறைத்தது, எழுந்து நின்றுவிட்டேன். என் வாழ்நாளில் அரசாங்கத்துக்கு எதிரில் நான் நின்றது அன்றைக்குத்தான். "ஐயா, எழுதறதா இருந்தா என் பேரை எழுதுங்க. அவளுக்கு ஏழு வருஷமா மூட்டு வாதம். ஒரு கரண்டிகூடச் சுத்த முடியாது. சனிக்கிழமை பிசையறவன் நான்."

அதிகாரி என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கிம்பலைப் பார்த்தார். விடுதி ஆர்டித் பேரில் இருக்கிறது, பிசைந்தது நான். நான் விடுதிக்காரன் இல்லை, அவள் பிசையவில்லை. நான் பிசைந்தது மனைவிக்காகவா, வாடிக்கைக்காரர்களுக்காகவா? நான் அவளுடைய குடும்பமா, அவளுடைய தொழிலாளியா? தொழிலாளி என்றால் சம்பளம் எங்கே? நாற்பது வருஷமாக நானும் அதைத்தான் கேட்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். கடைசியில் அவர் பேனாவை மூடினார். "இதை வாஷிங்டனுக்கு எழுதித்தான் கேட்கணும்" என்றார். பதில் வரும்வரை எங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் எதையும் மஞ்சளாக்கக் கூடாது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஆர்டித் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊர் வந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே இரும்புச் சாமான் கடைக்குப் போய், அந்த மாடிப்படியை முட்டி வலியோடு ஏறினாள். நான் கீழே நின்றேன், கதவு திறந்திருந்ததால் கேட்டது.

"மிஸ்டர் ப்ரூசா, உங்க காசு எனக்கு வேணும். சனிக்கிழமை வைக்கணும், ஒரு சென்ட் குறையக் கூடாது. ரெண்டு வாரம் அறை சும்மா கிடக்கு."

பிறகு அவர் குரல். "அந்த மஞ்சள் விஷயம்?"

"கிடையாது. வெள்ளைதான்."

"எனக்கு அப்பவே அது பெரிசு இல்லை. கண்ணை மூடிக்கிட்டா ஒரே ருசி" என்று சொல்லிக்கொண்டே பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

அன்று சாயந்திரம் அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து வெள்ளையையே ரொட்டியில் தடவினார். டெல்மர் தன் சாயப் பொட்டலத்தைப் பிரிக்கப் போனவன், அதைப் பார்த்துவிட்டு, பிரிக்காமல் மேசை நடுவில் தள்ளிவிட்டான். மற்றவர்களும் தள்ளினார்கள். ஆறு பொட்டலமும் அங்கேயே கிடந்தன. அன்றிலிருந்து எங்கள் மேசையில் எல்லாமே வெள்ளைதான்.

இனி உன் விஷயம். ஊரில் மூன்று விடுதி இருக்கிறது. கிம்பல் மற்ற ரெண்டையும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக எங்கள் கதவைத் தட்டினான். யாரோ எழுதிப் போடாமல் அது நடக்காது. கிறிஸ்துமஸ் அன்று எங்கள் ரொட்டியைக் கடித்துவிட்டு, "இது எங்க மாட்டோடது இல்லையே" என்று முகத்தை ஒரு மாதிரி வைத்தவன் யார்? பால்பண்ணைச் சங்கத்துக்குச் செயலாளர் யார்? நேரில் கேட்டிருக்கலாமே, க்ளீட்டஸ். உங்கம்மா போனபோது உனக்கு நாலு வயசு. உன்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினது யாருன்னு உனக்கு நான் சொல்லணுமா? அந்தக் கையையே பிடிச்சுக் கொடுத்துட்டியே. உன் பால் நல்ல பால்தான்டா, நல்ல பாலுக்கு எதுக்குப் போலீஸ்? விலையைக் குறைச்சு விக்க முடியலைன்னா ருசியைக் காட்டி வித்துக்கோ. வாஷிங்டனைக் கூப்பிட்டு எங்க மேசையில உட்கார வைக்காதே. ஒரு தடவை உட்கார வச்சா அது எழுந்திருக்காது, அடுத்த தடவை யார் தட்டைப் பார்க்கும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இனிமேல் இந்த வீட்டுப் படியை நீ ஏற வேண்டாம். இது என் முடிவு. ஆர்டித்தைக் கேட்டு எழுதவில்லை.

நோராவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசீர்வாதம். மழை காலத்தில் பெய்து புல் நன்றாக வரட்டும். உனக்கும் ஆசீர்வாதம் உண்டு, கடிதம் முடிகிற இடத்தில் எழுதாமல் விட்டால் நன்றாயிருக்காது.

இப்படிக்கு,
ஓரின் ஹாஸ்கெட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மனசு கேட்காமல் ஆர்டித்திடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "க்ளீட்டஸ் எழுதலை, ஓரின். நான்தான் எழுதினேன்" என்றாள். ஜனவரியில், அந்த வரி அலுவலகத்துக்கு. சாப்பிட வருகிறவர்களுக்கு மார்ஜரினில் சாயம் கலந்து வைக்கிறோம், இது சரியா, தப்பு என்றால் தெரிவிக்கவும், நிறுத்திவிடுகிறேன் என்று முழு விலாசத்தோடு, பதிலுக்கு ஸ்டாம்பும் உள்ளே வைத்து. ஏண்டி இப்படிச் செஞ்சே என்றேன். "நீதானே கல்யாணம் ஆன நாளிலேர்ந்து சொல்றே, சந்தேகம்னா அரசாங்கத்துக்கே ஒரு கடிதம் போடு, பதில் போடாம இருக்க மாட்டாங்கன்னு" என்றாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன். "க்ளீட்டஸ்தான்னு நினைச்சுத் திட்டிக்கிட்டே இருந்தே, உனக்குச் சோறு இறங்கிச்சு. உன் பேச்சைக் கேட்டுத்தான்னு தெரிஞ்சா இறங்கியிருக்குமா?" என்றாள். நான் இந்தக் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். நீ எவ்வளவு தப்பா நினைச்சேன்னு அவனும் தெரிஞ்சுக்கட்டும், அப்படியே அனுப்பு என்கிறாள். ஆகவே க்ளீட்டஸ், உன்னைப் பற்றி எழுதிய பத்தி முழுவதும் வாபஸ். வீட்டுக்கு வா, எப்போது வேண்டுமானாலும் வா. மனுவில் கையெழுத்து மட்டும் கிடையாது. அவள் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு அவர்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. தினமும் காலையில் நான்தான் போய்த் தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறேன்.